சீட்டுல இருந்த நம்பர்

சித்த தள்ளி உக்காருங்க அம்மிணி, இந்த இளநிக்குலையைக் காலுக்கடியில வெச்சுக்கறேன். இடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க. பொள்ளாச்சி வரைக்கும்தான். நீங்களும் பொள்ளாச்சிதானுங்களா? சரி சரி. அப்ப ஒரு மணி நேரத்துக்கு நான் உங்களுக்கு இடைஞ்சல், நீங்க எனக்குத் துணை.

என்ற தோப்புக் காயெல்லாம் இல்லீங்க. எனக்கு ஏது தோப்பு. ஒருத்தரு குடுத்தாரு. வேண்டாம் வேண்டாம்னு எத்தனையோ சொன்னேன், கேக்கலே. பஸ் ஸ்டாப் வரைக்கும் தோள்ல தூக்கிட்டு வந்து, கண்டக்டர்கிட்டச் சொல்லி ஏத்தி விட்டுப்போட்டுப் போறாரு. அவரு கையில ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்குக்கூட எனக்கு யோக்கியதை கெடையாது. ஏறினதுல இருந்து அதைத்தான் நினைச்சுட்டு வர்றேன். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியலே. நீங்க யாரோ நான் யாரோ, பொள்ளாச்சியில எறங்கினா முடிஞ்சுது. அதனாலதான் சொல்றனோ என்னமோ.

கண்ணாஸ்பத்திரியில வேலைங்க எனக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. முப்பத்தோரு வருசம். நர்ஸ் இல்லே, ஆனாலும் எல்லாருக்கும் வசந்தாமணி சிஸ்டர்தான். எனக்கு அளவு ரூம். புரை எடுத்துட்டுக் கண்ணுக்குள்ள லென்ஸ் வெக்கறாங்கல்ல, எந்த நம்பர் லென்ஸ் வெக்கோணும்னு யாரு சொல்றது? டாக்டருன்னுதானே நினைக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நாந்தானுங்க சொல்றேன். கண்ணு மரத்துப்போக மருந்து ஊத்திட்டு, பேனா மாதிரி ஒரு குச்சியைக் கருவிழி மேல தொட்டு, கண்ணு எத்தனை நீளம்னு எடுப்பேன். அழுத்தித் தொட்டா நீளம் கொறைச்சலாக் காட்டும். அழுத்தாம எடுக்கோணும். அதுல வசந்தாமணி கையை அடிச்சுக்க ஆளில்லேன்னு பெரிய டாக்டரே சொல்லுவாங்க. நானாச் சொல்லிக்கலீங்க.

உங்கம்மாவுக்குப் பண்ணினாங்களா? நல்லாத் தெரியுதுங்களா? அப்ப அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி சரியா அளந்திருக்கறா. அவளை யாரும் பாத்திருக்க மாட்டீங்க.

உங்கம்மாவுக்குப் பண்ணினது சாதா கேசுங்க. கண்ணுக்குள்ள ஒரு பை இருக்குது, கண்ணாடிக் காயிதமாட்டப் பை. புரையை வழிச்சு எடுத்துட்டு அந்தப் பைக்குள்ளயே லென்ஸை வெச்சுருவாங்க. எங்க உக்காரும்னு முன்கூட்டியே தெரியும். மிசின் சொல்ற நம்பரை எழுதிக் குடுத்தாச் சரியா வந்துரும். சில பேருக்கு அந்தப் பையே இருக்காது. அடிபட்டுக் கிழிஞ்சு போயிருக்கும். அவங்களுக்கு வெள்ளை விழியில ரெண்டு பக்கமும் ஊசி விட்டு, லென்ஸை நூல்ல புடிச்சு நடுவால நிறுத்துவாங்க. எங்க ரூம்ல அதுக்குத் தையல் லென்ஸ்னு பேரு. சிக்கல் அதுலதானுங்க. அது எங்க போய் நிக்கும்னு மிசினுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால நின்னாப் பவர் கூடிப்போகும், பின்னால போனாக் கொறைஞ்சு போகும். எல்லாம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம்.

அப்ப எப்படித்தான் நம்பர் சொல்றதுன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க. அந்தக் கேள்வியைத்தான் நான் பதினாலு வருசமாக் கேட்டுட்டு இருந்தேன். ஒரு நோட்டுப் போட்டேன். நடுவுல கோடு இழுத்து, இந்தப் பக்கம் 'நினைச்சது', அந்தப் பக்கம் 'வந்தது'. தையல் லென்ஸ் வெச்ச ஒவ்வொருத்தருக்கும் என்ன நம்பர் வரும்னு நினைச்சோம், ஆறு வாரம் கழிச்சு என்ன வந்துச்சு. இருநூத்துச் சொச்சம் பேரு. யாரும் எழுதச் சொல்லலே. எழுதி எழுதிப் பாத்ததுல ஒண்ணு புரிஞ்சுதுங்க. நம்பர் மிசின்ல இல்லே, தைக்கிற கையில இருக்குது. பெரிய டாக்டர் ஊசி போடற எடம் கருவிழி ஓரத்துக்குக் கிட்டக்க. அவங்க லென்ஸ் முன்னால நிக்கும். அவங்களுக்கு மிசின் சொல்றதுல ஒரு நம்பர் கொறைச்சு எழுதினா, நினைச்சது அப்படியே வரும். பெரிய டாக்டர் ஒரு நாள் நோட்டை வாங்கிப் பொரட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தாங்க. அன்னையில இருந்து மிசின் காயிதத்தைப் பாக்கறதில்லே. 'வசந்தாமணி என்ன எழுதியிருக்கறா'ன்னுதான் கேப்பாங்க.

அதுக்கப்பறம் சின்ன டாக்டர் வந்தாரு. நிகிலேஷ்னு பேரு. வட மாநிலத்துல எங்கியோ படிச்சுட்டு வந்தவரு. கை சுத்தம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா அவரு ஊசி போடறது ஓரத்துல இருந்து நல்லாத் தள்ளி. அவரு லென்ஸ் பின்னால போய் நின்னுக்கும். பதினொரு கேசு பாத்தேன். பதினொண்ணுலயும் நம்பர் பத்தாம வந்துச்சு. இவருக்கு மிசின் சொல்றதுக்கு மேல ஒரு நம்பர் கூட்டி எழுதோணும்னு தெரிஞ்சு போச்சு. நான் போய்ச் சொன்னேன். நோட்டையும் எடுத்துட்டுப் போனேன்.

என்ன சொன்னாருங்கறீங்க? நாலு பேரு நின்னுட்டு இருக்கறாங்க, ஆபரேசன் ரூம் பரிமளா நிக்கறா. 'சிஸ்டர், நோட்டு வெச்சுப் பலன் சொல்றதுக்கு இது ஜாதகம் இல்லே. மிசின் என்ன சொல்லுதோ அதை எழுதிக் குடுங்க, போதும்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பரிமளாகூடச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். என்ன பண்ணறது.

அவரு வயசு முப்பத்திரண்டு, அம்மிணி. நான் அந்த ரூமுக்குள்ள போறப்ப அவரு தொட்டில்ல கெடந்திருப்பாரு.

சரி, அது போகட்டும். ஆறுச்சாமிக்கு வர்றேன். இந்த இளநி குடுத்தவரு பேரு ஆறுச்சாமி. இந்தப் பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாப் போய் மரமேறிக் காய் போடறவரு. நாப்பத்தாறு வயசு. ஒரு நாளைக்கு நாப்பது மரம் ஏறுவாராம். ஒரு கண்ணு சின்ன வயசுல அம்மை போட்டுப் பூ விழுந்து போச்சு, அதுல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். நல்ல கண்ணுலதான் போன வைகாசியில மட்டை வந்து அடிச்சுருச்சு. உள்ள லென்ஸு நழுவி, பையும் கிழிஞ்சு போச்சு. கையைப் புடிச்சு நடத்தித்தான் கூட்டியாந்தாங்க. அவரு சம்சாரம் தெய்வாத்தாள் முந்தானையை வாயில வெச்சுட்டு அழுகுது. இவரு அழுகலே. 'எப்ப மரம் ஏறலாமுங்க'ன்னு கேட்டாரு. அதுதான் மொதல் கேள்வி.

நான் எல்லாரையும் கேப்பனுங்க, உங்களுக்கு எது தெரியோணும்னு. மத்த எடத்துல கேக்கறாங்களோ என்னமோ. தூரம் தெரியோணுமா, கிட்டக்கத் தெரியோணுமா? ரெண்டும் கண்ணாடியில்லாமத் தெரியற மாதிரி வெக்க முடியாது. அவரு என்ன பண்ணினாரு தெரியுங்களா, வலது கையை இப்படி நீட்டிக் காட்டினாரு. 'இந்தத் தூரம் தெரியோணும் சிஸ்டர். குலைக்காம்பு எங்க, அருவா எங்க, என்ற வெரலு எங்க. மூணும் தெரிஞ்சாப் போதும். கீழ தரை தெரியாட்டிப் பரவால்லே, தரை எங்கயும் போயிராது'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டேப் எடுத்து அந்தக் கையை அளந்தேன். முப்பத்தோரு வருசத்துல ஒருத்தரோட கையை அளந்தது அன்னைக்குத்தான். அந்தத் தூரம் பளிச்சுனு தெரியோணும்னா, ஆபரேசனுக்கப்பறம் கண்ணுல மைனஸ் ஒண்ணரை நம்பர் நிக்கற மாதிரி லென்ஸ் வெக்கோணும். தூரத்துக்கு வேணும்னாத் தரையில நடக்கறப்பக் கண்ணாடி போட்டுக்கலாம். மரத்து மேல கண்ணாடி ஆகாது. வேர்வை வழியும், மட்டை தட்டி விட்டுரும்.

'நீங்க சொல்ற தூரத்துக்கே வெச்சுத் தர்றேன்'னேன். அப்படியே சொன்னேன் அம்மிணி. நான் சொன்ன வார்த்தை.

கேசு பெரிய டாக்டரோடது. அதுக்கு லென்ஸ் பவர் இருபத்திரண்டுன்னு மிசின் சொல்லுச்சு. பெரிய டாக்டர் கைக்கு ஒண்ணு கொறைச்சு, இருபத்தொண்ணுன்னு சீட்டு எழுதி ஆபரேசன் ரூமுக்கு அனுப்பிட்டேன். கேஸ் சீட்டுல 'மைனஸ் ஒண்ணரை'ன்னு பென்சில்ல குறிச்சு வெச்சேன். எங்க ரூம்ல அது வழக்கம், நம்ம நினைக்கறதை ஆபரேசன் முடியற வரைக்கும் பென்சில்லதான் எழுதறது. கடைசியில மாத்தினாலும் மாத்துவாங்கன்னு.

ஆபரேசன் அன்னைக்குக் காலையில பெரிய டாக்டருக்குப் பி.பி. ஏறிப்போச்சு. வரலே. லிஸ்ட் பூரா சின்ன டாக்டருக்கு மாறிப்போச்சு. டீ குடிக்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க. தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். இவரு தைச்சா லென்ஸ் பின்னால போகும். இவருக்கு இருபத்திமூணு வெக்கோணும். சீட்டுல இருக்கறது இருபத்தொண்ணு. டம்ளரைக் கையில வெச்சுட்டே கணக்குப் போட்டுட்டேன். எந்திரிச்சுப் போயிருக்கலாம், எதுத்தாப்புல இருக்கற ரூமுதான்.

நான் போகலே. அவரு சொன்னது ஞாபகம் வந்துச்சு, ஜாதகம்னு. சரி, ஜாதகத்தை நம்பாதவரு பண்ணிப் பாக்கட்டும். ஆறு வாரம் கழிச்சு நம்பர் எகிறிட்டு வரும், பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கேப்பாங்க, அப்ப நான் நோட்டை எடுத்து மேசை மேல வெக்கறேன்னு ஒரு நினைப்பு. அந்த நேரத்துல ஆறுச்சாமி எனக்கு நினைப்புல இல்லீங்க. சத்தியமா இல்லே. டாக்டர் மூஞ்சிதான் இருந்துச்சு.

அதோட போயிருந்தாலும் மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். பரிமளா போன் பண்ணினா. 'சிஸ்டர், டாக்டர் மாறிட்டாங்க. ஆறுச்சாமிக்கு நம்பர் அதேதானுங்களா?' அந்தப் புள்ளை கேக்குது. சிரிச்சாளே, அதே பரிமளா. நோட்டு சமாச்சாரம் அவளுக்கும் மனசுல தங்கியிருக்குது பாருங்க. நான் சொன்னேன், 'சீட்டுல என்ன இருக்குதோ அதேதான்.'

பொய் சொல்லலீங்க. சீட்டுல அதுதானே இருந்துச்சு. அவ கேட்டா, நான் இருக்கறதைச் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய்யில்லே. இதை நான் எத்தனை தடவை எனக்குள்ள சொல்லிப் பாத்திருப்பேன்னு நினைக்கறீங்க. சொல்லச் சொல்லப் பொய்யாட்டத்தான் இருக்குது.

ஆறு வாரம் கழிச்சு வந்தாரு. நான்தான் நம்பர் பாத்தேன். எத்தனை வந்திருக்கும்? சொல்லுங்க. ஜீரோ. அந்த மனுசனைச் சார்ட்டு முன்னால உக்கார வெச்சா, கண்ணாடியில்லாமக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கறாரு. தையல் லென்ஸுல அப்படி யாரும் படிச்சதில்லீங்க. தெய்வாத்தாள் கையெடுத்துக் கும்புடுது. சின்ன டாக்டர் ஓடி வந்தாரு. போட்டோ எடுத்தாங்க. மைசூர்பா வாங்கியாரச் சொன்னாரு.

புரியுதுங்களா அம்மிணி? லென்ஸுல ரெண்டு கொறைஞ்சாப் பார்வையில ஒண்ணரை நம்பர் தப்பும். ஆனா அந்தத் தப்பு நேராப் போய் ஜீரோவுல விழுந்துருச்சு. ஜீரோன்னா ஊருலகத்துக்கு நல்ல கண்ணு. பாக்கறவங்க எல்லாருக்கும் அது பெரிய வெற்றி. தப்புன்னு தெரிஞ்ச ஆளு அந்தக் கட்டடத்துலயே நான் ஒருத்திதான். தூரம் பளிச்சுனு தெரியும், நீட்டின கை மங்கிப்போகும். அவரு கேட்டது கை.

அப்பத்தான் அது நடந்துச்சு. சின்ன டாக்டர் எல்லாரு முன்னாலயும் எங்கிட்ட வந்து, 'சிஸ்டர், சீட்டுல மிசின் நம்பர் இல்லே, நீங்க மாத்தித்தான் எழுதியிருந்தீங்க, கவனிச்சேன். உங்க நோட்டை நான் கேலி பண்ணியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்கோங்க. எத்தனை வரணும்னு டார்கெட் வெச்சீங்க?'ன்னு கேக்கறாரு. பரிமளா நிக்கறா. அன்னைக்குச் சிரிச்ச அத்தனை பேரும் நிக்கறாங்க. கேஸ் சீட்டு என்ற கையில. பென்சில்ல மைனஸ் ஒண்ணரைன்னு என்ற எழுத்து. நான் அதும்மேல கட்டை வெரலை வெச்சுட்டு, 'ஜீரோதானுங்க டாக்டர்'னேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் ரப்பர் எடுத்து அழிச்சுட்டேன். நோட்டுலயும் 'நினைச்சது' பக்கம் ஜீரோன்னு எழுதினேன். பதினாலு வருசத்துல நோட்டுல நான் எழுதின ஒரே பொய் அது. மத்த இருநூத்துச் சொச்சமும் நெசமுங்க, நீங்க நம்பலாம்.

பெரிய டாக்டர் அப்பறம் சீட்டைப் பாத்துட்டு, 'நான் பண்ணியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது வசந்தாமணி'ன்னாங்க. அந்தப் பாராட்டு எனக்குச் சந்தோசமா இல்லே. அது அந்த மனுசனுக்காகவா, இல்லே சின்ன டாக்டருக்குப் பேரு கெடைச்சுப் போச்சேங்கறதுக்காகவான்னு இன்னும் எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலே.

அன்னைக்கே வெளிய போறப்ப ஆறுச்சாமி கேட்டாருங்க. கையை நீட்டி வெச்சுட்டு, 'மலையெல்லாம் தெரியுது சிஸ்டர், என்ற வெரலுதான் ஏனோ மங்கலாத் தெரியுது'ன்னாரு. 'பழகிரும்'னேன். பழகாதுங்க. அந்த லென்ஸ் நம்ம சொந்த லென்ஸாட்டச் சுருங்கி விரியாது. வெச்சது வெச்ச எடத்துல நிக்கும். பழகறதுக்கு அதுல ஒண்ணுமேயில்லே.

கண்ணாடியில கயிறு கட்டிப் போட்டுக்கலாமேங்கறீங்க. போட்டுப் பாத்திருக்கறாரு. கிட்டத்துக் கண்ணாடி போட்டாக் கீழ பாக்கறப்ப மரமே ஆடற மாதிரி இருக்குதாம். தூசி வேற. மறுபடி ஆபரேசன் பண்ணி மாத்தலாம், ஆனா இருக்கறது ஒரே கண்ணு, தைச்சதைப் பிரிச்சு எடுக்கறதுன்னா எந்த டாக்டரும் யோசிப்பாங்க. அதுவும் சார்ட்டுல கடைசி வரி படிக்கற கண்ணை யாரு தொடுவா? தப்புன்னு ஒருத்தி வாயைத் தெறந்து சொன்னாத்தானே அந்தப் பேச்சே வரும்.

ஐப்பசியில அவரு மரம் ஏறியிருக்கறாரு. தோப்புக்காரரு, மச்சினன், கூலியாளுக எல்லாரும் கீழ நிக்கறாங்க. பாதி மரம் போனதும், காலுல மாட்டற தளைக்கயிறு மரத்துல சரியாப் படியுதான்னு அவருக்குத் தெரியலே. கை எங்க புடிக்குதுன்னு தெரியலே. அப்படியே கட்டிப் புடிச்சுட்டு நின்னுட்டாரு. மச்சினன் ஏறிப் போய்த்தான் எறக்கியிருக்கறான். அவரு சொல்லியிருக்கறாரு, கண்ணு தெரியலேன்னு. தோப்புக்காரரு கேக்கறாரு, 'அதா, அந்த மலை மேல கோயில் கொடி தெரியுதா?' 'தெரியுதுங்க.' 'ஆஸ்பத்திரிக்காரங்க போட்டோ புடிச்சுப் போட்டிருக்கறாங்க, உனக்குக் கண்ணு ஒண்ணாம் நம்பர்னு. பயம்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்குக் கண்ணு மேல பழி போடறே'ன்னு.

அன்னையில இருந்து ஊருக்குள்ள அவருக்குப் பேரு பாதிமரம். சின்னதுககூடக் கூப்பிடுதாம். அவரு மக கல்யாணப் பேச்சு வந்த எடத்துல, மாப்பிளை வீட்டுல ஒரு ஆளு 'யாரு, பாதிமரத்துப் புள்ளையா'ன்னு கேட்டுச்சாம். இதெல்லாம் அந்தம்மா மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்பச் சொல்லுச்சு.

மார்கழியில ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. டாக்டரைப் பாக்கலே, நேரா என்ற ரூமுக்கு வந்து கதவோரமா நின்னாரு. 'சிஸ்டர், கண்ணுல ஒண்ணுமில்லேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் படுது. மனசுலதான் என்னமோ புகுந்துக்கிச்சு. பயத்துக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்குதுங்களா?'

இருபத்தாறு வருசம் மரம் ஏறின ஆளு.

நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். கதவுக்கு வெளிய நாலு பேரு உக்காந்திருந்தாங்க. 'வயசாகுதுல்லங்க ஆறுச்சாமி, தரையில ஏதாச்சும் வேலை பாருங்க'ன்னேன். அவரு தலையாட்டிட்டுப் போனாரு. இப்பக் கொப்பரைக் களத்துல பொம்பளைகளோட உக்காந்து தேங்காப் பருப்பைத் திருப்பிப் போட்டுட்டு இருக்கறாரு. அதுக்கும் எனக்கு நன்றி சொல்லியனுப்பிச்சாரு, நல்ல ரோசனை சொன்னீங்கன்னு.

அதுக்கப்பறம் அளக்கறப்ப என்ற கை முன்ன மாதிரி இல்லே. அழுத்திருதுங்க. போன மாசம் மூணு பேருக்கு ரெண்டு தடவை அளக்க வேண்டியதாப் போச்சு. யாருக்கும் தெரியாது.

இன்னைக்குக் காலையில இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கண்ணு கேம்ப்புங்க. மத்தியானம் முடிஞ்சுது. வேன்ல எல்லாரும் கெளம்பினாங்க. சொந்தத்துல ஒரு ஒறம்பரை வீட்டுக்குப் போயிட்டுப் பஸ்ல வந்தர்றேன்னு சொல்லிட்டு, விசாரிச்சு விசாரிச்சு அவரு வீட்டுக்குப் போனேன். ஒருத்தன் வழி சொல்றான், 'பாதிமரம் வீடுங்களா?'ன்னு கேட்டுட்டு. ஆமான்னேன். நானே ஆமான்னேன்.

வாசல்ல கட்டில் போட்டாரு. தண்ணி குடுத்தாரு. நான் குடிக்காமச் சொன்னேன். 'ஆறுச்சாமி, உங்களுக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்லே. லென்ஸ் நம்பர் ஒண்ணரை தள்ளிப் போச்சு. நீங்க கேட்டது கை எட்டற தூரம், வந்தது தூரப் பார்வை. மரத்து மேல உங்க கை உங்களுக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் நின்னுதான் போவாங்க.'

போன் வந்ததைச் சொல்லலீங்க. பென்சிலையும் சொல்லலே. இதுவே போதும்னு பட்டுச்சு.

கோவப்படுவாருன்னு நினைச்சேன். நாலு வார்த்தை கேப்பாரு, வாங்கிட்டு வந்துரலாம்னுதான் போனேன். அவரு கையை நீட்டி வெரலைப் பாத்தாரு. அப்பறம், 'அப்ப நான் பயப்படலீங்களா?'ன்னாரு. இல்லேன்னேன். மறுபடியும் கேட்டாரு. இல்லீங்க, பயமில்லேன்னேன். 'தெய்வா, இங்க வா, சிஸ்டர் சொல்றதைக் கேளு'ன்னு உள்ள பாத்துக் கூப்பிட்டாரு. அந்தம்மா வந்து நின்னுச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க சிஸ்டர்ங்கறாரு. சொன்னேன். அவரு கண்ணுல தண்ணி வழியுது, தொடைக்கக்கூட இல்லே. சிரிச்சுட்டு இருக்கறாரு அம்மிணி. அந்தம்மா சிரிக்கலே. என்னையே பாத்துட்டு, 'இதைச் சொல்றதுக்கு இத்தனை மாசம் ஆச்சுங்களா'ன்னுச்சு. அவரு, 'சும்மா இரு, அவங்களாவது வந்து சொன்னாங்கல்ல'ன்னு அதட்டினாரு. அந்தம்மா உள்ள போயிருச்சு. அப்பறம் வெளிய வரவேயில்லே.

அவரு எங்கிட்டப் பணம் கேக்கலே, டாக்டர் யாருன்னு கேக்கலே. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'சிஸ்டர், நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆஸ்பத்திரி சீல் போட்டு ஒரு வரி எழுதிக் குடுங்க. கண்ணு நம்பர்லதான் தப்பு, ஆளு பயப்படலேன்னு. தோப்புக்காரரு கிட்டக் காட்டோணும். மாப்பிளை வீட்டுக்கும் காட்டோணும். மரம் நான் இனிமே ஏற வேண்டாம், அந்தப் பேரு மட்டும் போனாப் போதும்.'

நான் சொன்னேன், 'எழுதித் தர்றேனுங்க. சீல் ஆஸ்பத்திரியில இருக்குது. போயிட்டு அனுப்பி வெக்கறேன்.' அதுக்குத்தான் இந்தக் குலை. மச்சினன் போட்ட காயி, 'எடுத்துட்டுப் போங்க, நீங்க பண்ணற ஒவகாரத்துக்கு இது என்ன'ன்னு தூக்கிட்டு வந்துட்டாரு.

எழுதத்தானுங்க போறேன். ஒரு வரிதானே. ஆனா சீல் போட்டு எழுதினா, யாரு தப்புன்னு கேப்பாங்க. கேஸ் சீட்டை எடுப்பாங்க. பென்சில் அழிச்ச தடம் வெளிச்சத்துல காட்டினாத் தெரியும். பரிமளாவைக் கூப்பிடுவாங்க. அடுத்த மாசம் முப்பதாந்தேதி எனக்கு ரிட்டையர்மென்ட். பெரிய டாக்டர் கையால சால்வை போடறாங்க, சின்ன டாக்டர் பேசறாராம், அந்த நோட்டைப் பத்தித்தான் பேசப் போறாராம். அதெல்லாம் முடியட்டும். முடிஞ்சு நிம்மதியா வீட்டுல உக்காந்து எழுதி அனுப்பி வெச்சர்றேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

ரிட்டையர் ஆயிட்டா நான் எழுதறது செல்லாதுங்கறீங்களா. சீல் எங்கிட்ட இருக்காதுங்கறீங்க.

அது எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி. முப்பத்தோரு வருசம் வேலை பாத்தவளுக்கு.

சீல் இப்ப இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. கேம்ப்புக்கு எடுத்துட்டு வந்தது. காலையில நாப்பத்திமூணு சீட்டுக்குக் குத்தினேன். அவரு வாசல்ல, அந்தக் கட்டில் மேல, பையை மடியில வெச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன்.